‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இன்னும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நாள்தோறும் வெளியாகும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். எந்தக் கோயிலில் சொற்பொழிவு, எந்த மண்டபத்தில் நூல் வெளியீடு, எந்தப் பள்ளியில் கண் சிகிச்சை முகாம், எந்தப் பகுதியில் மின்தடை என்பதையெல்லாம் ஊரார் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அந்தப் பகுதியில் ஒரு வரி கூடுதலாக இடம்பெற வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் ஊரில் வாரத்தில் மூன்று மாலைகள், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒன்றுகூடிப் பேசும் கூட்டம் நடக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற அமைப்பைச் சேர்ந்தது அது. அந்தக் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் தங்கள் நாளிதழில் வர வேண்டும். இந்தச் சிறிய கோரிக்கையை நான் ஏன் இவ்வளவு பெரிதாகக் கருதுகிறேன் என்பதை விளக்க, என் வாழ்க்கையில் நடந்தவற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அவற்றை அச்சில் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்கப்பட்டு இப்படிக் கேட்கவில்லை. நான் குடித்ததும் என் தெருவுக்குத் தெரியும், நிறுத்தியதும் தெரியும். ஏ.ஏ. அமைப்பு 1950-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட 12 மரபுகளில் பதினோராவது மரபு, பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர்கள் தங்களை இன்னார் என்று வெளிப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று சொல்கிறது. நான் மீண்டுவிட்டேன் என்று ஒருவர் படத்துடன் பேட்டி கொடுத்துவிட்டு, மறுமாதமே மறுபடியும் குடிக்கத் தொடங்கினால், அந்தப் பேட்டியை நம்பியவர்கள் இந்த வழியும் பயனற்றது என்று திரும்பிவிடக்கூடும். அதை எண்ணிப் பார்க்கும்போது இந்த மரபு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. மேலும், நான் அந்த அமைப்பின் சார்பில் எழுதவில்லை. மதுவிலக்கு வேண்டுமா, கடைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமா என்பது போன்ற பொது விவாதங்களில் அமைப்பு எந்தக் கருத்தும் சொல்வதில்லை. அதுவும் அதன் மரபுகளில் ஒன்று. ஆகவே இக்கடிதத்தில் இருப்பவை அனைத்தும் ஒரு வாசகனின் சொற்கள் மட்டுமே.

எனக்கு இப்போது 58 வயது. நூற்பாலை ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தேன். 22 ஆண்டுகள் குடித்தேன். அவற்றுள் கடைசி எட்டு ஆண்டுகள், போதைக்காக அல்லாமல் காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடித்தேன். சம்பளப் பட்டியல் எழுதப் பேனாவைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் ஒரு கட்டிங் உள்ளே போக வேண்டும் என்ற நிலை. கடை நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், மறுநாள் காலைக்கு வேண்டியதை முந்தின இரவே வாங்கி, மோட்டார் அறையில் இருந்த பழைய பெயின்ட் டப்பாவுக்குள் ஒளித்து வைப்பேன். அந்த டப்பாவை நான் யாரிடமும் சொன்னதில்லை. பின்னால் அதைப் பற்றி எழுதவேண்டியிருப்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

நிறுத்த முயலாமல் இருந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டேன். ஆறு முறை சபரிமலைக்கு மாலை போட்டேன். இந்த மாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; நம் ஊரில் குடியை நிறுத்த நினைக்கும் எத்தனையோ பேர் கார்த்திகை முதல் தேதியைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். முதல் நான்கு முறையும் 48 நாட்கள் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தேன். மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடைக்குப் போனேன். வீட்டில் அழுதார்கள், ஊரார் ஏசினார்கள். நாற்பத்தெட்டு நாள் இருக்கத் தெரிந்தவனுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் இருக்கத் தெரியாதா, எல்லாம் திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இப்போது திரும்பிப் பார்க்கையில் அந்த 48 நாட்கள் மட்டும் என்னால் எப்படிக் குடிக்காமல் இருக்க முடிந்தது என்பது புரிகிறது. அந்த நாட்களில் நான் தனியாக இல்லை. காலையிலும் மாலையிலும் என்னைப் போலவே கறுப்பு வேட்டி கட்டியவர்களுடன் உட்கார்ந்து சரணம் சொன்னேன். என்னை அறிந்தவர் அறியாதவர் எல்லோரும் ‘சாமி’ என்று அழைத்தார்கள். அப்படி அழைக்கப்பட்டவன் கடை வாசலில் போய் நிற்க முடியாது. குருசாமி என்று ஒருவர் இருந்தார். எனக்கு முன்பே பலமுறை அந்தப் பாதையில் நடந்தவர், எந்த நேரத்திலும் போய்க் கேட்கலாம். மாலையைக் கழற்றியபோது இவை அத்தனையும் ஒரே நாளில் என்னைவிட்டுப் போயின. பக்தியில் குறைவு வந்ததால் நான் மறுபடி குடிக்கவில்லை. கூட இருந்தவர்கள் கலைந்து போனதும் குடித்தேன்.

அதற்குப் பிறகு தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் என்னைச் சேர்த்தார்கள். 90 நாட்கள் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். எதிர்த்துப் பேசியவர்களுக்கு அடி விழுந்தது. வெளியே வந்த ஐந்தாம் நாள் குடித்தேன். இன்னும் இரண்டு ஆண்டுகள் கழித்து, உடல் மிகவும் மோசமாகி, மருத்துவமனையில் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் இரவு, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினேனாம். என் மகளையே எனக்கு அடையாளம் தெரியவில்லையாம். அந்த வார்டில் இருந்த செவிலியர்கள்தான் என்னைக் காப்பாற்றினார்கள், அவர்களுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது என் கையில் தந்தவை இரண்டு வாரத்துக்கான மாத்திரைகளும், “இனிமேல் குடிக்காதீங்க, குடிச்சா அவ்வளவுதான்” என்ற ஒரு வாக்கியமும் மட்டுமே. எப்படிக் குடிக்காமல் இருப்பது என்பதை யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினேழாம் நாள் மறுபடி கடை வாசலில் நின்றேன்.

அன்றிரவு என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட ஆட்டோ ஓட்டுநர், அவருடைய அனுமதியுடன் இதை எழுதுகிறேன், என் மனைவியிடம் பணம் வாங்கவில்லை. “அக்கா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றேன். அண்ணன் குடிக்காம இருந்தா நல்லது, குடிச்சிருந்தாலும் பரவாயில்ல, கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடி வந்தார். அவரும் ஏ.ஏ. உறுப்பினர் என்பது எனக்கு வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் நடந்த இடம் ஒரு தொடக்கப்பள்ளியின் ஒன்றாம் வகுப்பறை. சிறு பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சுகளில், முழங்கால் நெஞ்சைத் தொடும்படி பதினான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அணில், ஆடு, இலை, ஈ என்று படங்கள். ஒரு பிளாஸ்க்கில் தேநீர், ஒரு தட்டில் பிஸ்கட். நான் அறிவுரையை எதிர்பார்த்துப் போயிருந்தேன். 22 ஆண்டுகளில் அறிவுரையைத் தவிர வேறொன்றையும் நான் யாரிடமிருந்தும் பெற்றதில்லை. அங்கே ஒருவரும் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கி, தமக்கு நடந்ததைச் சில நிமிடங்கள் பேசினார்கள். பேசும்போது யாரும் குறுக்கிடவில்லை, பேசி முடித்த பிறகு யாரும் தீர்ப்பும் சொல்லவில்லை. மூன்றாவதாகப் பேசியவர், பாட்டிலை ஒளித்து வைப்பதைப் பற்றிப் பேசினார். அவர் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள கட்டுப்பாடு. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் பெயின்ட் டப்பாவைப் பற்றி இந்த மனிதருக்கு யார் சொன்னது என்று நான் திடுக்கிட்டது உண்மை. என்னைத் திருத்த வந்த எவரும் அந்த டப்பாவை அறிந்திருக்கவில்லை. என்னைத் திருத்த முயலாத ஒருவர் அறிந்திருந்தார்.

என் முறை வந்தபோது, “சும்மா பாக்க வந்தேன்” என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள், அடுத்தவர் பேசத் தொடங்கினார். அவ்வளவுதான். நானும் ஒரு குடிநோயாளி என்று சொல்ல எனக்கு ஐந்து கூட்டங்கள் ஆயின. குடிகாரன் என்ற சொல்லை நம் ஊரில் ஒருவனைத் தள்ளிவைப்பதற்காகப் பயன்படுத்துகிறோம். அதற்குமேல் அவனைப் பற்றிப் பேச எதுவும் மிச்சமில்லை என்று பொருள். குடிநோயாளி என்று ஒருவன் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்போது, நோய் இருக்கிறது, ஆகவே செய்ய வேண்டிய காரியமும் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. இந்தச் சொல்லைத் தாங்கள் செய்திகளிலும் பயன்படுத்தினால் மிக நன்றாக இருக்கும்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு துண்டுத் தாளில் ஐந்து பேர் தங்கள் தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்தார்கள். “அண்ணே, முதல் கிளாஸுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. ராத்திரி ரெண்டு மணியானாலும் எடுப்போம்” என்றார் ஒரு பையன்; என் மகனாக இருக்கக்கூடிய வயது. வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லவில்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருங்கள், நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சாகும்வரை என்று சத்தியம் செய்தபோதெல்லாம் தோற்றுப்போன எனக்கு, இரவு பத்து மணி வரை என்பது செய்யக்கூடிய காரியமாகத் தோன்றியது. பத்து மணிக்குக் கடை மூடிவிடும் அல்லவா. இடையில் முதல் ஆண்டிலேயே இரண்டு முறை சறுக்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாளே கூட்டத்துக்குப் போனேன், ஏன் என்று கேட்காமல் தேநீர் கொடுத்தார்கள். இரண்டாவது சறுக்கலுக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்தக் கூட்டங்களைப் பற்றி வெளியில் உலவும் சில ஐயங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்குத் தேவை. தேநீருக்கும் வாடகைக்கும் உறுப்பினர்களே இயன்றதைப் போடுகிறார்கள். வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை, புதிதாக வருபவர் பணம் போட வேண்டியதும் இல்லை. மதம் மாற்றுகிறார்களா என்று என் உறவினர் ஒருவர் கேட்டார், தேவாலய வளாகங்களில் சில கூட்டங்கள் நடப்பதால் வந்த சந்தேகம் அது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழியான 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மைதான். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட வகையிலான கடவுள் என்றே அது சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் குழுவில் ஐந்து வேளை தொழுபவர் இருக்கிறார், திருநீறு இல்லாமல் வெளியே வராதவர் இருக்கிறார், கருஞ்சட்டை அணிந்து வரும் பகுத்தறிவாளரும் இருக்கிறார். அவர் இந்தக் கூட்டத்தையே தம்மைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பெயர் சொன்னால் போதும், வேறெதுவும் சொல்ல வேண்டாம் என்ற விதிக்கு நம் ஊரில் இன்னொரு பயனும் இருக்கிறது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்போம், அடுத்து எந்தத் தெரு என்று கேட்போம். எதற்காகக் கேட்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஒன்பது ஆண்டுகளாக நான் நெஞ்சைத் திறந்து பேசிவரும் மனிதர்களின் சாதி எனக்குத் தெரியாது. மில் முதலாளி வீட்டைச் சேர்ந்த ஒருவரும் அதே மில்லில் பாரம் ஏற்றும் ஒருவரும் ஒரே குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த அமைப்பு தொடங்கிய விதத்திலேயே அதன் செயல்முறை அடங்கியிருக்கிறது. 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்கு வணிகர் பில் வில்சன், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகருக்கு ஒரு வேலையாகப் போயிருந்தார். அவர் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோற்றுவிட்டது. தங்கியிருந்த விடுதியிலேயே மதுக்கூடம். உள்ளே போய்விடுவோம் என்ற அச்சத்தில், தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசி, தன்னைப் போன்ற ஒரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் நாளையே ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. குடியின் கேடுகளை ஒரு மருத்துவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தெரிந்தேதான் அவர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து பேசியவர் அதே நோயிலிருந்து எழுந்து வந்தவர் என்பதுதான் அன்று புதிதாக இருந்தது. பேசப் போனவரும் தன் காலில் நிற்பதற்காகவே பேசப் போனார். என்னை வண்டியில் ஏற்றிப் போன ஆட்டோ அண்ணனிடம், எனக்காக ஏன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருமானத்தை விட்டீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டேன். “உங்களுக்காக இல்லண்ணே, எனக்காக” என்றார். இந்தியாவுக்கு இவ்வமைப்பு 1957-இல் வந்தது.

இது எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறை வந்து, மறுமுறை வராமல் போனவர்கள் நிறைய. ஆயினும் இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. முறையாக வகுக்கப்பட்ட வழியில் ஏ.ஏ. கூட்டங்களுடன் இணைக்கப்பட்டவர்கள், வேறு உளவியல் சிகிச்சைகளைப் பெற்றவர்களைவிடக் கூடுதலான விகிதத்தில், தொடர்ந்து குடிக்காமல் இருந்ததாக அது கண்டறிந்தது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். என்னைப் போல் காலையிலிருந்தே குடிக்கும் நிலைக்கு வந்தவர்கள், இக்கடிதத்தைப் படித்துவிட்டு இன்றே வீட்டில் உட்கார்ந்து திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து, எனக்கு நேர்ந்தது போன்ற சித்தப்பிரமை வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் காட்டி, தேவையானால் சில நாட்கள் மருத்துவமனையில் தங்கி, வைட்டமின் பி1 உள்ளிட்ட மருந்துகளுடன்தான் நிறுத்த வேண்டும். அதேபோல், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்தென்று விற்கப்படுவதை வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று தாய்மார்களையும் மனைவிமார்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். டைசல்ஃபிரம் போன்ற மருந்தை உட்கொண்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். கூட்டம் மருத்துவமனைக்கு மாற்று ஆகாது. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த பிறகு இருக்கும் நீண்ட காலத்துக்கு உரியது அது.

அந்த நீண்ட காலத்துக்குத்தான் நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மீட்பு மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நாட்டில் குடிப்பழக்கத்தால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய 5.7 கோடி பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதி 37 பேரும் திருந்த விரும்பாதவர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்களோ, எத்தனை பேர் மாலை போட்டார்களோ. போக ஓர் இடம் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியாமல் போனதைச் சொல்கிறேன். நான் முதன்முதலாகப் போன அன்று, அந்த வகுப்பறையில் கூட்டம் தொடங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. என் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்து போனால் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பதினொரு ஆண்டுகளில் என் அப்பா என் நிலையைப் பார்த்தபடியே இறந்தார், மகளுக்கு நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றது, வேலையில் இரண்டு முறை இடைநீக்கம் ஆனேன். அந்தப் பள்ளியைக் கடந்துதான் நாள்தோறும் கடைக்குப் போனேன். மாநிலத்தில் இருக்கும் 4,000-க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளில் எங்கள் ஊரில் எத்தனை, எது எங்கே என்பதைப் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டால் அதே தெருவில் இருப்பவருக்கும் தெரியாது.

இதைச் சரிசெய்ய ஒரு பத்திரிகையால் முடியும் என்பதற்கு அந்த அமைப்பின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் வரை அமெரிக்காவில் ஏ.ஏ. உறுப்பினர்கள் சுமார் 2,000 பேர்தான் இருந்தார்கள். 1941 மார்ச் மாதம் ஒரு வார இதழ் அவர்களைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை சுமார் 8,000 ஆனது. இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்ற செய்தி, தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது.

தங்களிடம் நான் விரிவான கட்டுரை கேட்கவில்லை. கள்ளச்சாராயச் சாவு நடந்தால் முதல் பக்கத்தில் வருகிறது, குடித்துவிட்டு ஒருவன் மனைவியை வெட்டினால் படத்துடன் வருகிறது. அவை வரத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, நம் வீட்டிலும் இப்படி ஆகிவிடுமோ என்று பயப்படும் ஒரு பெண்ணுக்கு, இன்று மாலை கணவரை எங்கே அழைத்துப் போகலாம் என்பதும் அதே தாளில் கிடைக்க வேண்டும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446, போதை மீட்புக்காக மத்திய அரசு நடத்துவது, அதன் கீழே இருக்கலாம்.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் தொடங்கிவைத்தவர்களுள் ஒருவர். என் மனைவி அதற்குப் போகிறாள். ஆலைக்குப் போன் செய்து காய்ச்சல் என்று எனக்காகப் பொய் சொன்னதும், என் சட்டைப் பையைத் தினமும் துழாவியதும், அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தியதும் அவளுக்கு 22 ஆண்டு வேலையாக இருந்தன. “நான் சரியா இருந்திருந்தா இவர் குடிச்சிருக்க மாட்டாருன்னு நெனச்சுட்டு இருந்தேன். அது என் தப்பு இல்லன்னு எனக்குச் சொல்ல ஆளே இல்ல” என்று ஒருநாள் சொன்னாள். அவள் சொன்னதை எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஆண்கள் நிறைந்த அறைக்குள் அவர்கள் வரத் தயங்குவது இயல்பு. எங்கள் ஊரில் அவர்களுக்கென்று தனிக் கூட்டம் இதுவரை அமையவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. குடிநோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில், மாத்திரைகளின் பெயருக்குக் கீழே, அருகில் நடக்கும் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை வார்டுக்கு வந்து பேச எங்கள் உறுப்பினர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். அனுமதி கொடுத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். பள்ளி நிர்வாகங்களும் சமுதாயக் கூடங்களை வைத்திருப்பவர்களும் வேலைநாள் மாலைகளில் ஒரு மணி நேரம் ஓர் அறையைத் தந்தால் இன்னும் சில கூட்டங்களைத் தொடங்க முடியும். எங்கள் கூட்டம் இல்லாத நான்கு மாலைகளிலும் கடைகள் திறந்துதான் இருக்கின்றன.

கூட்டங்களின் நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கள் குழுவில் கலந்துபேசி, வெளியிடலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே அனுப்புகிறேன். மே மாதத்தில் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் பக்கத்துத் தெருவுக்கு மாறும். மாற்றம் இருந்தால் முந்தின வாரமே நான் நேரில் வந்து தங்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்.